பாதிச் சம்பள விமானி

திருப்பூரில் பழுதுள்ள பனியன்களை மலிவாக விற்கும் கடையில் நிற்கிறேன். பக்கத்தில் சீருடையோடு ஒரு விமானி. குன்னத்தூர்க்காரராம். திவாலாகி மறுபடி பறக்கத் தொடங்கியிருக்கும் மலிவு விமானக் கம்பெனியில் வேலை. மாலையில் கோவையிலிருந்து நான் போகவேண்டியதும் அவர் விமானத்தில்தான். ஒவ்வொரு பனியனையும் வெயிலில் பிடித்து ஓட்டை தேடுகிறார்.

"ஏனுங்க கேப்டன், நீங்க போயி இதை வாங்கலாமுங்களா?" என்கிறார் கடைக்காரர்.

"பாதிச் சம்பளந்தானுங்க பாய். கம்பெனி எந்திரிச்சு நிக்கட்டும்னு எல்லாரும் ஒத்துக்கிட்டமுங்க."

டிக்கெட்டை ரத்து செய்துவிடலாமா?

"சார், பாதிச் சம்பளத்துக்குப் பாதி தூரம்தான் ஓட்டுவீங்களோ?"

சிரிக்கிறார். "முழுசாக் கொண்டுபோயி இறக்கிருவனுங்க."

"விமானத்தையும் இப்படி ஓட்டை பார்ப்பீங்களா?"

"அத ரெண்டு தடவ பார்ப்பனுங்க. நானும் அதுலதானுங்களே வர்றேன்!"

அவருடைய பனியன் பொட்டலத்தை வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டு, நன்றியோடு பின்னால் நடக்கிறேன்.