முதலில் இறங்குகிறவர்

எங்கள் வீட்டில் பாரதம் படிக்க மாட்டோம். போர்க்கதையை வீட்டுக்குள் வாசித்தால் சண்டை வரும் என்று என் மாமியார் அடித்துச் சொல்லியிருந்தார். வாசிக்காமலேயே எனக்கும் என் கணவருக்கும் அது குறைவில்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பது வேறு விஷயம். போன வருஷம் ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் மாலை நேரத்தில் பாரதச் சொற்பொழிவு நடந்தது. மன்னார்புரத்திலிருந்து தினமும் காரில் போவோம். அதற்கும் மாமியார் ஒரு விதி வைத்திருந்தார்: போர் தொடங்கிய பிறகு நடுவில் விடக்கூடாது, தர்மருக்குப் பட்டாபிஷேகம் ஆகும்வரை கேட்டே தீர வேண்டும்.

அங்கேதான் சிக்கல். என் கணவருக்குக் கண்ணில் பிரஷர். பக்கப் பார்வை போய்விட்டது, இனிமேல் கார் ஓட்டவே கூடாது என்று டாக்டர் என் எதிரிலேயே சொன்னார். வெளியே வந்ததும் இவர், "அவரு அப்படித்தான் பயமுறுத்துவாரு" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டே வண்டியை எடுத்தார். பீஷ்மர் விழுந்த கதை கேட்கப் போன அன்று, திருவானைக்காவலில் இடப்பக்கம் வந்த சைக்கிளை உரசிவிட்டார். சைக்கிள்காரர் காலை ஊன்றித் தப்பித்தார். "குறுக்க வந்து விழறான் பாரு" என்றார் இவர். அந்த மனுஷன் குறுக்கே வரவேயில்லை. இவருக்கு ஒன்று ஆகிவிடுமோ என்று பயம். இவரால் யாருக்காவது ஒன்று ஆகிவிடுமோ என்று அதைவிடப் பயம்.

அடுத்து ஜயத்ரதன் கதை வந்தது. பொழுது சாய்வதற்குள் அவனைக் கொல்வதாக அர்ஜுனன் சபதம் போட்டிருந்தான். கண்ணன் சக்கரத்தால் சூரியனை மறைத்தான். பொழுது சாய்ந்துவிட்டதென்று நம்பி, ஒளிந்திருந்தவன் தலையை நீட்டினான். அர்ஜுனன் அம்பை விட்டான். மண்டபமே கை தட்டியது. நான் தட்டவில்லை, யோசித்துக்கொண்டிருந்தேன். கடவுள் சூரியனையே மறைக்கலாம், நான் ஒரு சாவியை மறைத்தால் குற்றமா? மறுநாள் காலை கார் சாவி அரிசி டப்பாவுக்குள் போனது.

அவர் வீட்டையே புரட்டிப் போட்டார்.

"நீ பாத்தியா?"

"நான் எதைப் பாத்தேன்? நீங்கதான் எங்கயாவது வச்சிருப்பீங்க."

கண் இமைக்காமல் சொன்னேன். போரை நடுவில் விட முடியாதே, அன்றிலிருந்து பஸ்ஸில் போனோம். இறங்கும்போது கம்பியைத் தடவிக்கொண்டு நிற்பார். கை கொடுக்கப் போனால், "சும்மா இரு" என்று தட்டிவிடுவார். ஆச்சரியம் என்னவென்றால், ஸ்பேர் சாவி எங்கே என்று ஒரு தடவைகூட என்னைக் கேட்கவில்லை.

போர் முடிந்த நாளின் கதையும் வந்தது. சாரதி முதலில் இறங்குவான், வீரன் பிறகு இறங்குவான், அதுதான் முறை. அன்று கண்ணன் தேரில் உட்கார்ந்தபடியே, "நீ முதலில் இறங்கு" என்றான். அர்ஜுனனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் இறங்கினான். பின்னாலேயே கண்ணனும் இறங்க, தேர் குபீரென்று பற்றிச் சாம்பலானது. எதிரிகள் விட்ட அஸ்திரங்களின் நெருப்பையெல்லாம் அதுவரை அவன்தான் அடக்கி வைத்திருந்தானாம்.

திரும்பும்போது பஸ்ஸில் இவர் மெதுவாகக் கேட்டார்.

"சாவி அரிசி டப்பாவுலதானே இருக்கு?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கே. நீ எதை ஒளிச்சாலும் அங்கதானே ஒளிப்பே." என் பக்கம் திரும்பினார். "கண்ணன் சூழ்ச்சியெல்லாம் எதிராளிகிட்டதான். அர்ஜுனன்கிட்ட நேராதானே இறங்குன்னு சொன்னான்?"

"நேரா சொன்னா நீங்க அப்படியே கேட்டுட்டிருப்பீங்களாக்கும்!"

யோசித்தார். "கேட்டிருக்க மாட்டேன்தான். இப்ப சொல்லு."

"இனிமே ஓட்டாதீங்க. எனக்கு ரொம்பப் பயமா இருக்குங்க."

கண்டக்டர் மன்னார்புரம் என்று குரல் கொடுத்தார். எழுந்து முன்னால் போன இவர், படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார்.

"நீ முதல்ல இறங்கு" என்றார். "இறங்கிட்டுக் கையக் குடு. எனக்குப் படி தெரியல."