பங்காளி கையெழுத்து

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டதில்லை. கலிபோர்னியாவின் சன்னிவேலில் என்னோடு அறையில் இருக்கும் தோழிக்கு இது மனப்பாடம். சொந்த நிலம் வைத்திருக்கும் அமெரிக்கப் பூர்வகுடிக் குடும்பங்கள் அதில் தொழில் தொடங்கத் திட்டம் எழுதிக் கொடுப்பது என் வேலை.

வடக்கே நான்கு மணி நேரப் பயணத்தில், ஆற்றோரம் நிலம் இருந்த ஒரு பூர்வகுடி அக்கா, அங்கே கூடாரமடித்துத் தங்குவோருக்கு ஓர் இடம் நடத்த ஆசைப்பட்டார். வேலையில்லாமல் அந்த ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். நிலமோ பங்காளிகளுக்குப் பொது. போதுமான பேர் ஒப்புக்கொண்டால்தான் அனுமதி. ஒரே ஒரு கையெழுத்து குறைந்தது, அவருடைய பெரியப்பா மகனுடையது. வெள்ளிக்கிழமைக்குள் காகிதம் போகாவிட்டால் அந்த ஆண்டின் அரசு உதவித்தொகை போய்விடும்.

என் காரை நம்பாமல் தோழியின் காரில் போனோம். அக்கா எங்களை ஆற்றோரம் இருந்த அந்த அண்ணனிடம் கூட்டிப்போனார். அவர் நெருப்போரம் சால்மன் மீன் வாட்டிக்கொண்டிருந்தார். தட்டை நீட்டினார்.

“வேண்டாம், இப்போதுதான் சாப்பிட்டேன்” என்றேன். காலையிலிருந்து ஒரு வாழைப்பழம்தான் உள்ளே போயிருந்தது. எங்கள் விருதுநகர்ப் பக்கம் இரண்டு முறை மறுத்துவிட்டு மூன்றாம் முறை “சரி, கொஞ்சமா” என்பதுதான் மரியாதை. அவரோ தலையாட்டிவிட்டுத் தட்டைத் தோழியிடம் கொடுத்துவிட்டார்.

“செம டேஸ்ட்டுடி. மிஸ் பண்றியே” என்றாள் அவள்.

“இன்னொரு தரம் கேப்பாரு.”

“கேக்க மாட்டாரு. இது என்ன உங்க சித்தி வீடா?”

காகிதங்களை விரித்தேன். அவர் பார்க்கவே இல்லை. அக்காவிடம் திரும்பினார். பேசியது ஆங்கிலம்தான், என் நினைவில் அது தமிழாகத்தான் நிற்கிறது. “நம்ம மீனைத் தொட மாட்டாங்களாம். நம்ம கையெழுத்து மட்டும் வேணுமாம்.”

தோழி வாய் நிறைய மீனோடு என்னைக் காட்டிக்கொடுத்தாள்: “இவளுக்குப் பசியில உயிர் போகுது. இவங்க ஊர்ல மூணு தடவை கேட்டாதான் சாப்பிடுவாங்க.”

அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. “சாப்பிடறியா?” என்றார்.

“சாப்பிடறேன்!”

மூன்று துண்டு உள்ளே போனதும் துணிச்சலாகக் கையெழுத்தைக் கேட்டேன். “மாட்டேன்” என்றார். ஆகா, விளையாடுகிறார் என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் முறை கேட்டேன்.

“நான் உங்க ஊர்க்காரன் இல்லம்மா. மாட்டேன்னா மாட்டேன்தான்.”

அக்கா முன்பே காட்டியிருந்தார் போலும், நேராக ஒரு பக்கத்தைப் புரட்டி விரல் வைத்தார். ‘மேலாளர்: வெளியிலிருந்து அனுபவமுள்ள ஒருவர்.’

“கக்கூஸ் கழுவ எங்க பிள்ளைங்க. சாவிக்கொத்து வெளியாளுக்கா?”

பழைய திட்டம் ஒன்றிலிருந்து நான் அப்படியே எடுத்துப் போட்ட வரி அது. அப்பா வேலை பார்த்த தீப்பெட்டிக் கம்பெனியிலும் மேனேஜர் எப்போதும் வெளியூர்க்காரர்தான். அதைத் திட்டித் தீர்த்த வீட்டில் வளர்ந்து, படித்து, அதையே அழகாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

அக்காவைப் பார்த்தேன். “நீங்க நடத்துவீங்களா?”

“இருபது வருஷமா ஸ்கூல் சமையற்கூடத்தை நான்தான் நடத்தறேன். நீ கேக்கவே இல்லையே!”

பேனாவால் அந்த வரியை அடித்தேன். மேலாளர் என்ற இடத்தில் அக்காவின் பெயரை எழுதினேன். அவருக்கு ஆறு மாதப் பயிற்சி, அதுவும் உதவித்தொகையிலேயே. வேலைக்கு முதல் உரிமை குடும்பத்துப் பிள்ளைகளுக்கு. அண்ணன் இரண்டு முறை படித்தார். கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் மீன் எண்ணெயில் ஒரு கட்டைவிரல் ரேகையும் சேர்ந்து விழுந்தது.

அக்கா காகிதத்தைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. ஆற்றுப் பக்கம் எட்டு வைத்து அளந்துகொண்டே போய், அங்கே நின்ற அண்ணனின் வண்டியைக் காட்டிக் கத்தினார்: “உன் வண்டியை எடு! இங்கதான் வாசல் வருது!”

“இன்னும் மை காயல, அதுக்குள்ள மேனேஜர் அதிகாரமா?” என்று முணுமுணுத்தபடி அண்ணன் சாவியைத் தேடினார்.