அரக்கு மைக் கார்டு

தபால் கார்டு கைக்கு வந்ததும் ஹமீது சுல்தான் அதைப் படிப்பதில்லை. கடை வாசலுக்கு வருவார். வெயில் எழுத்தின் மேல் சாய்வாக விழும்படி கார்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார். பிறகு மூக்கருகே கொண்டுபோய் முகர்வார். முகத்தில் சிரிப்பு வந்தால் நல்ல மை. வராவிட்டால் எழுதிய ஆசாமி மைக்கூட்டில் தண்ணீர் கலந்துவிட்டார் என்று அர்த்தம். இவ்வளவும் முடிகிற வரைக்கும் தூண்டில் முள் வாங்க வந்தவர் நின்றுகொண்டிருக்க வேண்டியதுதான். அவசரப்படுத்தினால், "மீனு எங்கன போயிறப் போகுது, கடல்லதான கெடக்கும்" என்பார்.

தேவிபட்டினம் கடைத்தெருவில் வலைநூல், கயிறு, தூண்டில் முள் விற்கிற கடை அவருடையது. வாப்பா வைத்துவிட்டுப் போன கடை. கயிற்றுச் சுருள்களின் தார் வாடையிலேயே பிறந்து வளர்ந்த மனிதருக்கு மை வாடை எப்படிப் பிடித்துப்போயிற்றென்று கேட்டால், மச்சானைக் கைகாட்டுவார். மனைவி சாலிஹாவின் அண்ணன் கொழும்பிலிருந்து வரும்போது ஓர் ஊற்றுப் பேனா கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்குப் பிடித்த பைத்தியம், இன்னும் தெளியவில்லை.

கடையில் முள் பெட்டியைத் திறந்தால் ஒரு தட்டில் சுறா முள், ஒரு தட்டில் சீலா முள், மூன்றாவது தட்டில் பேனா நிப்புகள். காகிதத்தைக் கீறுகிற நிப்பை, முள் தீட்டுகிற கல்லின் வழவழப்பான பக்கத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு தேய்ப்பார். அந்த நேரத்தில் யாராவது தும்மினால் போயிற்று. அன்று முழுக்க அந்த ஆளுக்குக் கடனில்லை.

சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். ஒன்று எழுதுவதற்கு. கரும்பச்சை உடம்பும் தங்கமுலாம் கிளிப்புமாக இருக்கிற மற்றொன்று சும்மா பார்ப்பதற்கு. அதில் இதுவரை மையே ஏறியதில்லை. யாராவது அவசரத்துக்குப் பேனா கேட்டுவிட்டால் மனிதர் பதறிப்போவார். பேனா கை மாறினால் நிப்பு கெட்டுப்போகும் என்பது அவர் கட்சி. "நீ சொல்லு, நா எழுதுறேன்" என்று காகிதத்தை வாங்கிக்கொள்வார். அதனால் தெருவில் பாதிப் பேருடைய மணியார்டர் பாரமும் கொழும்புக் கடிதமும் அவர் கையெழுத்தில்தான் போகும். பென்சில் என்றால் மட்டும் முகம் கோணிவிடும். "அது தச்சாசாரி காதுல சொருகுற சாமான்ல" என்பார்.

இந்தப் பைத்தியம் அவரோடு நிற்கவில்லை. மதுரையில் பேனா பழுது பார்க்கிற ஒருவர், தன்னிடம் வருகிற கிறுக்கர்களின் விலாசங்களை ஒருவருக்கொருவர் கொடுத்துவைத்தார். கடலாடித் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஒருவர், திருச்சி ரயில்வேக்காரர் ஒருவர், பரமக்குடியில் சாயப்பட்டறை வைத்திருக்கிற கூத்தையா. யாரும் யாரையும் பார்த்ததில்லை. மாதம் தவறாமல் கார்டு மட்டும் போய்வரும். அதற்கு ஒரு விதி உண்டு. எழுதியவர் என்ன நிப்பு, என்ன மை என்று சொல்லக் கூடாது. வாங்கியவர் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துப் பதில் போட வேண்டும். சரியாகச் சொல்லிவிட்டால் ஹமீது சுல்தானுக்கு அன்று சோறு ஒரு பிடி கூடுதலாக இறங்கும்.

எல்லோரிலும் அவருக்கு உசத்தி கூத்தையாதான். நூலுக்குச் சாயம் போடுகிற கை அல்லவா, மையையும் சொந்தமாகவே கலக்கிற மனிதர். ஒரு தடவை கத்தரிப்பூ நிறத்தில் வரும், ஒரு தடவை பாசி நிறத்தில் வரும். போன வருஷம் ஆடி பிறந்ததும் அவரிடமிருந்து வந்த கார்டு அரக்கு நிறத்தில் இருந்தது. ஹமீது சுல்தான் அசந்துபோனார். கடைசிச் சுழியில் மை தேங்கி நின்ற இடத்தில் கருஞ்சிவப்பு மின்னியது. அன்றைக்கே பதில் போட்டார். மையில் சேர்ந்தது நம் கடற்கரைச் சாயவேரா, கொம்பரக்கா, எழுத்து அகலத்தைப் பார்த்தால் நிப்பின் முனையை வெட்டியிருக்கிறீர்கள் போலிருக்கிறதே என்று கார்டு நிறைய விசாரித்தார். அதோடு விட்டாரா? கார்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டிவிட்டார். வருகிறவர் போகிறவரெல்லாம் அண்ணாந்து பார்த்து, "நல்ல நெறமாத்தான் இருக்கு" என்றார்கள்.

தபால்காரர் தவசி மட்டும் அதைப் பார்க்கும்போதெல்லாம் தொண்டையைச் செருமிக்கொள்வார். "மாமா, பரமக்குடிப் பக்கம் போற சோலி எதுவும் இல்லையா?" என்று கேட்பார். இல்லையே என்பார் இவர். தவசி தலையைச் சொறிந்துகொண்டு சைக்கிளை மிதிப்பார்.

அந்த ஆடி முடிவதற்குள் ஹமீது சுல்தானுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. ஆள் பிழைப்பாரா என்று தெரு முழுக்கத் துஆக் கேட்டது. ஒருவழியாகக் கண் திறந்து, கஞ்சி குடித்து, சுவரைப் பிடித்து நடக்கத் தொடங்கியதும் அவர் முதலில் கேட்டது கார்டும் பேனாவும்தான். சாலிஹா தலையணையை முட்டுக் கொடுக்க, நடுங்குகிற கையால் கூத்தையாவுக்கு எழுதினார். சாவு வாசல் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறேன், உங்களை நேரில் பார்க்காமலே போய்விடுவேனோ என்றுதான் படுக்கையில் கவலையாக இருந்தது என்று எழுதினார். எழுதி முடித்ததும் அவருக்கே கண் கலங்கிவிட்டது.

பதில் வந்தது. அந்தப் பதிலை மட்டும் அவர் வெயிலில் பிடிக்காமல், முகராமல், நேரே படித்தார். "தங்கள் கார்டைப் பார்த்துப் பிரமித்தேன். ஒவ்வொரு கோட்டிலும் கடல் அலை மாதிரி ஒரு நெளிவு. இப்படி எழுதுகிற நிப்பு எந்தத் தேசத்தது? எங்கே கிடைக்கும்?"

ஹமீது சுல்தான் கார்டைக் குப்புறக் கவிழ்த்துவைத்தார்.

"நா சாகக் கெடந்தேன்னு எழுதுறேன், இந்த ஆளு நிப்பு எங்கன கெடைக்கும்னு கேக்குறாரு" என்றார் சாலிஹாவிடம். இத்தனை வருஷம் யாரோ ஒரு கல்நெஞ்சுக்காரனோடு சிநேகிதம் வைத்திருந்தோமே என்று அவருக்கு ஆறவே இல்லை. பேனாக்களையெல்லாம் துணியில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். கடைக் கணக்கைப் பென்சிலால் எழுத ஆரம்பித்தார். வெறும் சட்டைப் பையோடு அவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், பல்லைக் கழற்றிவைத்துவிட்டு வந்தவர் மாதிரி இருந்தது. பைத்தியம் ஒழிந்தது என்று முதலில் சந்தோஷப்பட்ட சாலிஹாவுக்கே இரண்டாம் வாரம் தாங்கவில்லை. சோற்றில் உப்பில்லை என்றுகூடச் சண்டை பிடிக்காத புருஷனை வைத்துக்கொண்டு அவர்தான் என்ன செய்வார்?

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்கு வந்த சாலிஹாவிடம், சட்டம் போட்ட கார்டைக் கழற்றி எங்காவது போடச் சொன்னார் ஹமீது சுல்தான். தவசியும் அப்போது கார்டுக்கட்டோடு வாசலில் நின்றிருந்தார். சாலிஹா முக்காலி போட்டு ஏறினார். மையின் அழகெல்லாம் அவருக்குத் தெரியாது. எழுத்தைக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டி வாய்விட்டுப் படித்துவிடுவார், அவ்வளவுதான். சட்டத்தைத் துடைத்துக்கொண்டே அதைத்தான் செய்தார்.

"இந்த ஒரு தடவை விதியை மீறிச் சொல்லிவிடுகிறேன். என் மகள் சேதுலட்சுமிக்கு ஆவணிக் கடைசி வியாழன் காலை நம் வீட்டில் கல்யாணம். அவள் புடவைக்கு என் கையால் போட்ட அரக்குச் சாயத்தில்தான் இந்த மையைக் கலந்தேன். முதல் கார்டு உங்களுக்கு. முகம் பார்க்காத சிநேகிதர் நீங்கள். அன்றைக்காவது அவசியம் வர வேண்டும்."

சாலிஹா முக்காலி மேலிருந்தபடியே திரும்பினார். "ஏங்க, ஆவணிக் கடைசி வியாழன்னா நாளைக்கில்ல?"

ஹமீது சுல்தான் சட்டத்தை வாங்கித் தானே ஒரு தடவை படித்தார். கல்லாவுக்கு மேலே, கண்ணாடிக்குள்ளே, ஊரே பார்க்க மாட்டிவைத்திருந்த கல்யாணப் பத்திரிகை அது. அதற்கு அவர் போட்ட பதிலில் சாயவேர் இருந்தது, கொம்பரக்கு இருந்தது, மணமக்களுக்கு ஒரு வார்த்தை இல்லை. தவசியைப் பார்த்தார். "ஏலே, ஒனக்குத் தெரியுமா?"

"கார்டு வந்த அன்னிக்கே தெரியும் மாமா" என்றார் தவசி. "தபால்காரன் படிக்கலாம், வெளிய சொல்லக் கூடாது. பரமக்குடில சோலி இல்லையா, சோலி இல்லையான்னு நானும் எத்தன தடவ கேட்டேன். அதுக்கு மேல என்னய என்ன செய்யச் சொல்றீக?"

கல்நெஞ்சுக்காரன் யார் என்று இப்போது விளங்கிவிட்டது. வெட்கத்தில் ஹமீது சுல்தான் குறுகிப்போனார். எந்த முகத்தோடு போய் அவர் வாசலில் நிற்பது என்று கேட்டார். "போகாம இருந்துட்டா மட்டும் மொகம் வந்துருமாக்கும்?" என்று சொல்லிவிட்டு சாலிஹா முக்காலியிலிருந்து இறங்கினார். நேரே வீட்டுக்குப் போய்த் தகரப் பெட்டியைத் திறந்தார்.

மறுநாள் இருவரும் முதல் பஸ்ஸில் ராமநாதபுரம், அங்கிருந்து ரயிலில் பரமக்குடி. ரயில் வழக்கம்போலத் தாமதம். பந்தலை அடைந்தபோது தாலி கட்டி முடிந்து பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்தார்கள். இத்தனை வெள்ளைச் சட்டைகளில் கூத்தையா யார்? ஹமீது சுல்தான் முகங்களைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். பந்தல்காலைப் பிடித்து நின்ற ஒருவரின் விரல்கள் நகக்கண் வரைக்கும் அரக்கு நிறத்தில் இருந்தன. அந்த மனிதரும் இவருடைய சட்டைப் பையில் இருந்த இரண்டு பேனாக்களைப் பார்த்துவிட்டார்.

"தேவிபட்டினமா?" என்றார்.

இவர் தலையாட்டியதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார் கூத்தையா. பிடித்த பிறகுதான் ஆளை நன்றாகப் பார்த்தார். "என்ன இப்பிடி எளச்சுப் போயிருக்கீக? ஒடம்புக்கு என்ன?"

"காச்சல்ல சாகக் கெடந்தேன். எழுதியிருந்தேனே."

கூத்தையாவின் முகம் மெல்ல மெல்ல மாறியது. "அப்ப அந்த அலை…"

"அலையில்ல. நடுக்கம்."

கூத்தையா அப்படியே தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, "மகளுக்குக் கல்யாணம்னு எழுதுனா சாயவேராங்குறீகளே, இந்த ஆளு மனுசந்தானான்னு நானும் மனசு விட்டுப்போய்த்தான் இருந்தேன்" என்றார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியவில்லை. சிரித்த சிரிப்பில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். கூத்தையாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சாப்பிட்டு எழுகிற வரைக்கும் அவர் இவர் பக்கத்தை விட்டு நகரவில்லை.

மணமகள் அரக்குப் புடவையில் வந்து கும்பிட்டாள். வெயில் விழுந்த இடத்தில் புடவையும் கருஞ்சிவப்பாக மின்னியது. ஹமீது சுல்தான் பையிலிருந்து கரும்பச்சைப் பேனாவை எடுத்து அவளிடம் கொடுத்தார். அதைத் திறந்து எழுத வேண்டும், சும்மா வைத்துப் பார்க்கக் கூடாது என்று சொன்னார். சொன்னது அவர்தானா என்று சாலிஹா இன்றுவரை சந்தேகப்படுகிறார்.

இப்போதும் அவர் மாறிவிடவில்லை. கார்டு வந்தால் வெயிலில் சாய்க்கிறார், முகர்கிறார், தூண்டில் முள்ளுக்கு வந்தவர்கள் நிற்கிறார்கள். சட்டம் போட்ட கார்டு கல்லாவுக்கு மேலே பழைய இடத்துக்கே போய்விட்டது. சட்டைப் பையில் இப்போது ஒரே பேனா. ஆனால் கல்யாணம் முடிந்து கூத்தையாவிடமிருந்து வந்த முதல் கார்டில் ஒரு புதுமை இருந்தது. மயில்கழுத்து நிறத்தில் கார்டு முழுக்க எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் மேலே, அழகு பார்க்க ஒன்றுமே இல்லாத மொட்டைப் பென்சிலால் ஒரே ஒரு வரி: "உடம்பு எப்படி இருக்கிறது?"

ஹமீது சுல்தான் கல்லாவில் உட்கார்ந்து அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு புதுக் கார்டு ஒன்றை எடுத்து முன்னால் வைத்தார். கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குப் போய், பேனாவைத் தொட்டு, திரும்பி வந்தது. கணக்கு எழுதுகிற பென்சிலைத் தேடி எடுத்து, முள் பெட்டிக் கத்தியால் சீவி, முனையை நாக்கில் ஒரு தடவை நனைத்துக்கொண்டு, கார்டின் தலைமாட்டில் எழுதினார்: "நல்லா இருக்கேன். நீங்க?"