ஊரே கேட்ட திட்டு

அந்த ஊரில் மைக்கக்காவின் முகம் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். குரல் தெரியாதவர்கள் ஒருவர்கூடக் கிடையாது. பேருந்து நிலையத்தின் மாடியில் ஓர் அறை. ஒரு கட்டிலைப் போட்டால் அப்புறம் கதவைத் திறக்க முடியாது, அவ்வளவுதான் இடம். ஒரு மேசை, ஒரு மைக், புலம்பிக்கொண்டே சுற்றும் மின்விசிறி, நிலையம் முழுவதையும் காட்டும் ஒரு ஜன்னல். எந்த வண்டி எந்த மேடைக்கு வருகிறது, எது தாமதம், யார் வீட்டுக் குழந்தை தொலைந்துபோய் அழுதுகொண்டு நிற்கிறது என்று காலையிலிருந்து மாலைவரை சொல்வதுதான் அவள் வேலை.

அந்த வேலை கிடைத்ததே ஒரு கூத்து. ஆரம்பத்தில் கீழே டிக்கெட் கவுண்டரில் இருந்தாள். ஒருநாள் அறிவிப்பாளருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. "யாராவது ஒருத்தர் போய்ப் படிங்கப்பா" என்று மேலாளர் கத்த, இவள் போனாள். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தாளோ இல்லையோ, புறப்பட்ட வண்டியை நிறுத்திவிட்டு ஓர் ஓட்டுநர் தலையை நீட்டி மேலே பார்த்தாராம். பழைய அறிவிப்பாளர் தொண்டை சரியாகித் திரும்பி வந்தபோது அவருக்குக் கவுண்டர்தான் காத்திருந்தது. பாவம், அந்த மனிதர் ஓய்வு பெறும்வரை இவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மைக்கில் அவளுக்கு ஒரு குரல், வீட்டில் வேறு குரல். மைக்கில் வெண்ணெயாக வழுக்கும். வீட்டில் கூரையைப் பிய்த்துக்கொண்டு போகும். அதை முழுசாக வாங்கிக் கட்டிக்கொள்கிறவர் அவள் வீட்டுக்காரர். நிலையத்தின் வாசலுக்கு எதிரே குடையும் பையும் ரிப்பேர் செய்கிறார். இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடும் கலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. மனைவி சொல்லி அவர் ஒரு காரியம் செய்ததாகச் சரித்திரம் கிடையாது.

அன்றைக்கு நல்ல வெயில். நண்பகல் வண்டியை அறிவித்துவிட்டு அவள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மேலாளர் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடி வந்தார். கையில் கைபேசி.

"எப்பம்மா இதைச் சொன்னே? எனக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா?"

"எதை சார்?"

அவர் அழுத்தினார். நிலையத்தின் மணி மூன்று முறை ஒலித்தது. பிறகு அவளுடைய குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அணை உடைந்துவிட்டது. அரை மணி நேரத்தில் தண்ணீர் ஊருக்குள் புகுந்துவிடும். அனைவரும் உடனடியாக ஊரை விட்டு வெளியேறவும்."

அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதே குரல், அதே இழுப்பு, 'கனிவான' என்ற சொல்லில் அவள் வைக்கும் அதே சின்ன நிறுத்தம். கேட்கக் கேட்க, நிஜமாகவே நான்தான் சொன்னேனோ, சொல்லிவிட்டு மறந்துவிட்டேனோ என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தன் குரலே தன்னை ஏமாற்றப் பார்த்தால் மனுஷி என்னதான் செய்வாள்!

"நான் சொல்லல சார். சத்தியமா நான் இல்ல."

"சரி, நீ இல்லைன்னே வெச்சுக்குவோம். ஊர் பூரா இது பரவிடுச்சு. ஒருவேளை நிஜமா இருந்தா? பேசாம நீயும் மைக்ல ஒருதரம் சொல்லிடு. பின்னாடி நம்ம தலை உருளக் கூடாது."

"பொய்யா இருந்தா? கீழ பாருங்க சார்."

மேலாளர் எட்டிப் பார்த்தார். நிலையத்துக்குள் ஆட்கள் போய்வர இரண்டு வாசல். ஒன்றில் பழுதுவேலை என்று பூட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே இரும்புக் கதவில், பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவர வேண்டும் என்று உள்ளே இருந்தவர்கள் வெளியே முட்டினார்கள். எப்படியாவது ஒரு வண்டியைப் பிடித்துவிட வேண்டும் என்று வெளியே இருந்தவர்கள் உள்ளே முட்டினார்கள். மூட்டை, பெட்டி, குழந்தை, கூடை எல்லாம் தலைக்கு மேலே மிதந்தன. தண்ணீர் வரவே வேண்டாம், இந்தக் கூட்டமே ஆளை விழுங்கிவிடும்.

மேலாளர் அணை அலுவலகத்துக்குப் போன் போட்டார். ஊரே அங்கேதான் போட்டுக்கொண்டிருந்தது போலிருக்கிறது, லைன் கிடைக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பின்பக்கம் வண்டிகள் நுழையும் வழியில் ஒரு பேருந்து வந்து ஜன்னலுக்கு நேர் கீழே நின்றது. அணைச் சாலை வழியாக வரும் வண்டி! அவள் பாதி உடம்பை வெளியே நீட்டிக் கத்தினாள்.

"அண்ணே! அணை வழியாத்தானே வர்றீங்க?"

"ஆமாக்கா. ஏன், என்ன இப்படி ஒரு கூட்டம்?"

"அணை எப்படி இருக்கு? உடைஞ்சிருச்சா?"

ஓட்டுநர் சிரித்தார். "உடைய என்னக்கா இருக்கு? உள்ள சொட்டுத் தண்ணி இல்ல. பசங்க இறங்கிப் பந்து விளையாடிட்டு இருக்காங்க. நான் ஹார்ன் அடிச்சதுக்குக் கை காட்டினாங்க."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய் மைக்கைப் போட்டாள். மணி மூன்று முறை ஒலித்தது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அணை உடைந்துவிட்டதாக வரும் செய்தி..."

அவ்வளவுதான். 'அணை உடைந்துவிட்டதாக' என்பதற்கு மேல் ஒருவர் காதிலும் ஏறவில்லை. அதே மணி, அதே குரல், அதே 'கனிவான'! கூட்டம் வீரிட்டது, முன்னைவிட இரண்டு பங்கு வேகமாக முட்டியது. "பொய், பொய்" என்று அவள் மைக்கில் தெளிவாகச் சொன்னாள். "இதுதான் டூப்ளிகேட்டு, நம்பாதீங்க!" என்று கீழே எவனோ கத்தினான். உண்மையைப் பொய் என்று சொல்ல மட்டும் எங்கிருந்துதான் இவர்களுக்கு இவ்வளவு தைரியம் வருகிறதோ.

அப்போதுதான் அவரைப் பார்த்தாள். சாம்பல் சட்டை. கதவுக்கும் கூட்டத்துக்கும் நடுவில், இரும்புக் கம்பியோடு கம்பியாக நசுங்கிக்கொண்டு, இந்த மாடிப்படியை நோக்கி வரப் பார்க்கிறார் அவள் வீட்டுக்காரர். முகம் சிவந்திருந்தது, வாய் திறந்திருந்தது. மூச்சுக்குத் தவிக்கிறார் என்பது மாடியிலிருந்தே தெரிந்தது. தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்த கையில் ஒரு குடை.

பயணிகளாவது, கனிவாவது! மைக் கையில் இருப்பதே மறந்துபோயிற்று.

"ஏங்க! உங்களுக்குக் கொஞ்சமாவது அறிவிருக்கா? உங்களைத்தான், சாம்பல் சட்டை! அணை உடைஞ்சு வர்ற தண்ணிக்குக் குடை பிடிக்கவா கிளம்பி வந்தீங்க? யாரோ போன்ல சொன்னாங்கன்னு தலைதெறிக்க ஓடி வர்றீங்களே, நான் இத்தனை வருஷமாக் கத்தறேனே, ஒருநாளாவது காதுல வாங்கியிருப்பீங்களா? ஒரு கால்ல செருப்பைக் காணோம், அதுவாவது தெரியுதா?"

எட்டு ஒலிபெருக்கியிலும் அது இடிபோல் இறங்கியது. கூட்டம் திகைத்தது. இப்படி ஒரு குரலை அந்த நிலையம் கேட்டதே இல்லை. கதவருகே இருந்தவர்கள் திரும்பிச் சாம்பல் சட்டையைப் பார்த்தார்கள். குடையைப் பார்த்தார்கள். அப்புறம் குனிந்து காலைப் பார்த்தார்கள். ஒரே ஒரு செருப்புதான்.

யாரோ ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு பக்கத்தில் ஒருவர். சிரிக்கிறவனால் முட்ட முடியாது. கை கால் எல்லாம் தளர்ந்துவிடும். நெரிசல் அங்கேயே இளகியது.

"நிஜமாவே நீங்கதானாம்மா பேசறது?" என்று ஒரு பெண் அண்ணாந்து கத்தினாள்.

"நான்தாம்மா! நீங்க சிவப்புப் பை வெச்சிருக்கீங்க, அது கிழிஞ்சு வெங்காயம் கொட்டுது பாருங்க!" அந்தப் பெண் குனிந்து பார்த்துவிட்டு "ஐயோ!" என்று பொறுக்க ஆரம்பித்தாள். "வெள்ளைச் சட்டை அண்ணே, தள்ளாதீங்க, கதவை உங்க பக்கமா இழுங்க. அப்படித்தான். தோள்ல குழந்தை வெச்சிருக்கிற தம்பி, இடது பக்கம் ஒதுங்குப்பா. அணைல தண்ணியே இல்லையாம். இதோ அந்த வழியா வந்த டிரைவர் நிக்கிறார், சந்தேகம் இருந்தா அவரைக் கேளுங்க!"

கேட்டார்கள். ஓட்டுநர் தன் வண்டியின் படியில் ஏறி நின்று, பந்து விளையாடும் பசங்களைப் பற்றித் தொண்டை கிழியச் சொன்னார். கதவு முழுசாகத் திறந்தது. வந்தவர்களும் போனவர்களும் ஒருவர் மூட்டையை ஒருவர் எடுத்துக் கொடுத்தார்கள். சிலருக்குச் சிராய்ப்பு, சிலருக்குச் சட்டை கிழிசல். உயிருக்கு ஒன்றுமில்லை.

அந்தப் பொய்யைச் செய்தவன் பிறகு பிடிபட்டான். அவன் யார், ஏன் செய்தான் என்பதற்கெல்லாம் இங்கே இடம் கொடுக்கப் போவதில்லை. அவன் ஆசைப்பட்டதே அதற்குத்தான். ஒன்றை மட்டும் சொல்லலாம். அவள் அறிவிப்புகளையெல்லாம் பதிவு செய்து, கம்ப்யூட்டரில் போட்டுப் பேசவைத்து, மைக்குரலைத் திருடிவிட்டான். வீட்டுக்குரலைத் திருட அவனுக்கு வழியில்லை. அதைக் கேட்டிருந்தவர் ஒரே ஒருவர்தான்.

அந்த ஒருவர் மூச்சிரைக்கப் படியேறி வந்து அறை வாசலில் நின்றார். குடைக் கம்பிகள் நாலா பக்கமும் பிதுங்கியிருந்தன. மேலாளர் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கொடுத்தார். அவர் உட்காரவில்லை.

"போன் மேல போன் பண்ணேன். நீ எடுக்கல."

அறிவிப்பு அறையில் கைபேசியை அணைத்து இழுப்பறையில் போட வேண்டும் என்பது விதி. அவள் இழுப்பறையைப் பார்த்தாள்.

"நான் பேசினதுன்னு நம்பிட்டீங்களா?"

"நம்பாம? அச்சு அசல் நீதானே."

"அப்ப நான் சொன்னபடி ஊரை விட்டு ஓட வேண்டியதுதானே? இங்க எதுக்கு வந்தீங்க?"

"நீ மேல இருக்கியே" என்றார் அவர், இதையெல்லாம் போய் ஒரு கேள்வியென்று கேட்கிறாளே என்பதுபோல்.

அவர் கிட்டே வந்தார்.

"இனிமே உன் குரல்ல எது வந்தாலும் சட்டுன்னு நம்பமாட்டேம்மா. எங்க, இன்னும் ரெண்டு திட்டு திட்டு. நீதான்னு நிச்சயமாத் தெரியட்டும்."

திட்டத்தான் வாயைத் திறந்தாள். ஊரையே நிறுத்திய அந்த வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அவர் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

மைக்கை அணைக்க மறந்திருந்தாள். கீழே, மூட்டையைக் கையில் எடுத்தவர்கள் எடுத்தபடியே நின்றார்கள். எட்டு ஒலிபெருக்கியிலும் அந்த அழுகை வந்துகொண்டிருந்தது. அது அவள்தானா என்று யாரும் கேட்கவில்லை.