தூளிக்கு ஒரு மோட்டார்

என் மகள் பகலில் தூங்கமாட்டாள். எல்லாக் குழந்தைகளும் அப்படித்தான், மூன்று மாதம் போனால் சரியாகிவிடும் என்றார்கள். மூன்று மாதம் போயும் சரியாகவில்லை. தூளியில் போட்டு ஆட்டிக்கொண்டே இருந்தால் கண் செருகும். கையை எடுத்தால் உடனே விழித்துக்கொள்வாள். ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனில் ஓர் அறையும் சமையலறையும்தான். அறையின் நடுவே கொக்கியில் என் பழைய புடவை தொங்கும். காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து மாலையில் அவர் வண்டிச் சத்தம் கேட்கும்வரை, அதன் அடியில் உட்கார்ந்து நான் அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருப்பேன்.

பிரசவத்துக்கு முன் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். வரிசையாக வரும் போர்டுகளில் ஈயப் பற்றவைப்பு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். கணவரும் முன்பு அங்கேதான் இருந்தார். பழகியது அங்கேதான். பிறகு அவர் தவளக்குப்பத்தில் ஒரு பைக் ஷோரூமுக்கு மாறிவிட்டார். பிரசவ விடுப்பு முடிந்ததும் நான் வேலையை விட்டுவிடுவது என்று பேசி முடிவாகியிருந்தது. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, நானும் சரி என்றுதான் சொன்னேன். மாமியார் அரியாங்குப்பத்தில் மீன் வியாபாரம் செய்கிறார். அவரை வந்து இருக்கச் சொல்ல முடியாது.

குழந்தையை எனக்குப் பிடிக்காமல் இல்லை. அவள் வாசனைக்காகவே கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடப்பேன். ஆனால் உடம்பு ஓர் இடத்தில் நிற்க மறுத்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றும். எழுந்தால் எங்கே போவதென்று தெரியாது. ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் எடுக்காமல் மூடுவேன். ஜன்னலில் நின்று விழுப்புரம் சாலைப் பக்கம் போகும் வண்டிகளைப் பார்ப்பேன். அவர்களெல்லாம் எங்கேயோ போய்ச் சேரத்தான் போகிறார்கள் என்று நினைக்கும்போது காரணமே இல்லாமல் கோபம் வரும்.

அப்படி ஒரு நாள்தான் தூளியை ஆட்ட ஒரு மோட்டார் வைத்தால் என்ன என்று தோன்றியது. கடையில் விற்பதை ஒரு தோழி வீட்டில் பார்த்திருக்கிறேன். அதற்கு ஒரே வேகம்தான். நாமே செய்யலாம் என்று நினைத்ததும் பல வாரங்களுக்குப் பிறகு மனம் ஒரே பக்கமாக ஓடியது. பற்சக்கரம் வைத்த சின்ன டிசி மோட்டார் ஒன்றையும், தீப்பெட்டி அளவு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு ஒன்றையும், மற்ற சில்லறைச் சாமான்களையும் கணவரை வாங்கி வரச் சொன்னேன். எதற்கு என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வாங்கியும் வந்தார்.

மோட்டார் தண்டில் ஒரு சின்ன மரக்கை, மரக்கையின் முனையிலிருந்து தூளிக்கு ஒரு கயிறு. ஒரு சுற்றுக்கு ஓர் இழுப்பு. முழு மின்சாரம் கொடுத்தபோது தூளி ஆடவில்லை, நடுங்கியது. வேகத்தைக் குறைக்க வேண்டும். இந்த மாதிரி மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொஞ்சமாகக் கொடுப்பதில்லை. ஒரு நொடிக்குள் பல நூறு முறை கொடுத்துக் கொடுத்து நிறுத்துவார்கள். கொடுக்கும் நேரம் நிறுத்தும் நேரத்தைவிடக் கூடினால் வேகம் கூடும், குறைந்தால் குறையும். எப்போது கொடுக்க வேண்டும் என்று போர்டு சொல்லும். அதன் சொல்படி மின்சாரத்தைத் திறந்து மூடுவது ஒரு டிரான்சிஸ்டர்.

சொல்ல எளிது. ரொம்பக் குறைத்தால் மோட்டார் முனகிக்கொண்டு அப்படியே நின்றது. கொஞ்சம் கூட்டினால் திடுமென்று கிளம்பித் தூளியை வெடுக்கென்று இழுத்தது. கடைசியில், முதலில் ஒரு நல்ல உந்து கொடுத்துக் கிளப்பிவிட்டு, உடனே வேகத்தை இறக்கும்படி போர்டுக்கு நிரல் எழுதினேன். அதற்கும் மேல் ஒரு தொல்லை. மோட்டார் கொசு ரீங்காரம் போல ஒரே சுருதியில் கத்தியது. கீழே குடியிருந்த வீட்டுக்காரர் படியேறி வந்து, தண்ணி மோட்டாரை அணைக்க மறந்துவிட்டேனா என்று கேட்டார். பிரெஞ்சு அரசாங்கத்தின் பென்ஷன் வாங்குகிறவர், மரியாதையாகத்தான் கேட்டார். உள்ளே கூப்பிட்டுக் காட்டினேன். தூளியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அன்றைக்கே கொடுத்து நிறுத்தும் எண்ணிக்கையைக் காதுக்கு எட்டாத அளவுக்கு உயர்த்தினேன். ரீங்காரம் போயிற்று.

இதெல்லாம் குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அவள் அழுகைக்கு நடுவே செய்தது. அவள் அழ அழ நான் பற்றவைத்தேன். நியாயமாகப் பார்த்தால், மோட்டார் செய்யும் அவசரத்தில் அந்த நாட்களில் அவளை நான் இன்னும் குறைவாகத்தான் ஆட்டினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் தயார். குழந்தையின் எடைக்கு அரிசியைப் பையில் கட்டித் தூளியில் வைத்து ஓடவிட்டேன். தூளி கையால் ஆட்டுவது போலவே மெதுவாகப் போய் வந்தது. கணவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டீ குடித்தபடி பார்த்தார். அவள் தூக்கத்துக்கு அழுதுகொண்டிருந்தாள். அரிசியை எடுத்துவிட்டு அவளைப் படுக்க வைக்கலாம் என்று தூளிப் பக்கம் போனேன்.

"இரு, டீயக் குடிச்சிட்டுத் தரேன்" என்றார் அவர். சந்தேகப்பட்டுச் சொன்னதல்ல. டீ சூடாக இருந்தது, அவ்வளவுதான்.

அவர் இரண்டாவது வாய் குடிப்பதற்குள் மோட்டாரின் சத்தம் மாறியது. ஏறிக்கொண்டே போனது. மரக்கை கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்ற, தூளி வெட்டி வெட்டி இழுபட்டது. போர்டில் வைத்திருந்த நிறுத்தும் பொத்தானை அழுத்தினேன். நிற்கவில்லை. மறுபடி மறுபடி அழுத்தினேன். அரிசிப் பை புடவை ஓரத்தில் சரிந்து, தரையில் விழுந்து பிரிந்தது. கணவர் டம்ளரைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

அறை முழுக்க அரிசி. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு அதை வேடிக்கை பார்த்தது.

அரிசி மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பிரிந்த பையில் அள்ளிப் போட ஆரம்பித்தேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரும் வந்து எதிரே உட்கார்ந்தார்.

"அதான் நான் ஆட்டுறேனே, அம்மா வர்றப்ப ஆட்டுவாங்க. இது எதுக்கு ஒனக்கு?" என்றார்.

"தூளிக்காக இல்ல" என்றேன். அது என் வாயிலிருந்து வரும்வரை எனக்கே தெரியாது. "என்னால வீட்ல உக்காந்திருக்க முடியல. எதையாவது செய்யலன்னா பைத்தியம் புடிச்சிடும் போல இருக்கு. எனக்கு வேலைக்குப் போவணும்."

அவர் தரையில் கிடந்த அரிசியைக் கையால் ஒரு பக்கமாகக் கூட்டினார். பிறகு, "இத வாயால சொல்லிருக்கலாம்ல" என்றார். "எத்தினி நாளா மோட்டார் வாங்கியா, ஒயர் வாங்கியான்னு அலைய வுட்ட."

சிரிக்கத்தான் பார்த்தேன். அழுகை வந்துவிட்டது.

மறுநாள் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். மோட்டாரை ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் அதற்குள்ளிருந்து ஒரு மின் உதைப்பு திரும்பி வரும். அது டிரான்சிஸ்டரைத் தாக்காமல் இருக்க ஒரு டயோடு வைத்திருந்தேன். அதன் ஒரு கால் பற்றவைப்பிலிருந்து விட்டு, அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உதைப்பைத் தாங்காமல் டிரான்சிஸ்டர் கருகி, திறந்த கதவாக நின்றுவிட்டது. அதன் பிறகு போர்டு எத்தனை முறை நிறுத்தச் சொல்லியும் பயனில்லை. தொழிற்சாலையில் இப்படியொரு பற்றவைப்பு என் கண்ணில் பட்டிருந்தால் உடனே ஒதுக்கியிருப்பேன்.

சரிசெய்து, மறுபடி அரிசி வைத்துப் பல நாள் ஓட்டினேன். ஒரு குறையும் இல்லை. இருந்தும் குழந்தையை அதில் படுக்க வைக்கக் கை வரவில்லை. நானாகவே கழற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

தொழிற்சாலையில் கேட்டபோது, விடுப்பு இன்னும் முடியவில்லையே என்று வியந்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். மாமியாரிடம் கணவர்தான் சொன்னார். "புள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் எங்களோடு பேசவில்லை அவர். பிறகு தெருவிலேயே குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மா வீட்டில் விட்டோம். முதல் நாள் இடைவேளையில் போன் போட்டேன். தரையில் பாய் போட்டுப் படுக்க வைத்ததும் தூங்கிவிட்டதாகச் சொன்னார் அந்த அம்மா. இரண்டு முறை கேட்டேன். அப்படித்தான் என்றார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, கொஞ்சம் வலிக்கவும் செய்தது.

இப்போதும் நான் நிம்மதியாக இருக்கிறேன் என்று சொல்ல முடியாது. வேலையில் இருக்கும்போது வீட்டு நினைப்பு, வீட்டில் இருக்கும்போது வேலை நினைப்பு. மாலையில் வண்டியை எடுத்ததும் சிக்னல்கள் எல்லாம் எனக்காகவே சிவப்பாகின்றன. அந்த அம்மா வீட்டு வாசலில் ஹாரன் அடிக்கும்போது உள்ளிருந்து மகள் தவழ்ந்து வரும் சத்தம் கேட்கும். செருப்பைக் கழற்றக்கூடப் பொறுமை இருக்காது எனக்கு.