கொரியாவுக்கு எந்த அரசர்?

எங்கள் கணினி விளையாட்டில் கொரியாவைத் தெரிவு செய்தால், ஆளப்போவது அரசியா அரசரா என்று கேட்கும். நட்சத்திரம் பார்க்கக் கோபுரம் கட்டிய அரசியைத்தான் எனக்குப் பிடிக்கும். ஆனால், கொரியாவில் வேலைக்குப் போக மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த அண்ணை விடமாட்டார்.

"அரசரை எடு. உவர் செய்த எழுத்தைத்தானே நான் படிக்கிறன்."

ஏழைச் சனமும் இலகுவாகப் படிக்கட்டும் என்று அவர் அமைத்த எழுத்தாம். நல்ல இலகு! மூன்றாம் முறையும் பெயிலாகி அண்ணை கொக்குவில் வீட்டுக்கு வந்த அன்று, வழக்கம்போல அரசரை எடுக்கப் போனேன்.

"வேண்டாம். உவரை எதிரியாய்ப் போடு. அடிச்சு நொறுக்குவம்."

இருப்பதில் ஆக இலகுவான மட்டத்தில்தான் போட்டேன். பொழுதுபடுவதற்குள் எங்கள் கடைசி நகரத்தையும் அரசர் பிடித்துவிட்டார். அண்ணை எழும்பிப் போய், நாலாம் முறைக்கான விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினார்.