வீட்டுக்கு வெயில் வரும் நேரம்

ஸ்ரீரங்கத்து வீட்டின் ஓடுகளைப் பிரித்துவிட்டு காங்கிரீட் போடுகிறோம். சாரத்திலிருந்து இறங்கிய மேஸ்திரி, "கண்ணாடி ஓடு ஒண்ணு உடையாம வந்துருக்கு சார்" என்று என் கையில் கொடுத்தார். ஈரத்துணியால் துடைத்தபோது கிளம்பிய புழுதி மணத்தோடு, அதன் வழியாகத் தினமும் கூடத்துக்குள் விழுந்த உள்ளங்கையளவு வெயிலும் வந்துவிட்டது. காலையில் சுவரில் தோன்றி, காலண்டர் மேல் மெல்ல இறங்கி, தரையில் ஊர்ந்து, தையல் மெஷினின் காலைத் தொடும்போது அம்மா எனக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்புவாள். கடிகாரமும் இருந்தது, அம்மாவுக்கு அதன்மேல் நம்பிக்கையில்லை. மழைநாட்களில் தாமதமாகப் போய், "எங்க வீட்ல இன்னும் வெயில் வரல டீச்சர்" என்று சொல்லி, வகுப்பே சிரிக்க நின்றிருக்கிறேன்.

இன்று கூரையில்லாத கூடமெங்கும் வெயில் கொட்டிக் கிடந்தது. வேலையைப் பார்க்க வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்று, நெற்றியில் கைவைத்து, தையல் மெஷின் இருந்த இடத்தைத் தேடினாள்.

"வீடு முழுக்க இப்படி வெயிலா இருந்தா, மணி என்னன்னு எப்படிடா பாக்கறது?"